அண்ணனுக்குச் சூடு, தம்பிக்குச் சில்லு

ஒரே வாளி, ஒரே தண்ணீர். பெரியவர் கையை விட்டுப் பார்த்தால், "சுடுதே" என்பார். சின்னவர் கையை விட்டுப் பார்த்தால், "எங்க சுடுது? சில்லுன்னு இருக்கு" என்பார். இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை. பெரியவர் விடிந்ததிலிருந்து ஐஸ் தொட்டியில் கையை ஊறப்போட்டிருப்பவர். சின்னவர் விடிந்ததிலிருந்து பாகு அடுப்பின் முன்னால் நிற்பவர். கை எங்கிருந்து வருகிறதோ, அதை வைத்துத்தான் அது தீர்ப்புச் சொல்லும். இதை எடுத்துச் சொன்னால் காதுகொடுத்துக் கேட்கிற ஆட்களா அவர்கள்?

பெரியவரைக் கட்டியவள் மூத்தவள். சின்னவரைக் கட்டியவள் அவள் கூடப் பிறந்த தங்கை. அக்காவைப் பெண் பார்க்க வந்த இடத்தில் தங்கை டம்ளர் கொண்டுவந்து வைத்தாள். கூட வந்திருந்த தம்பி அந்த டம்ளரைக் கீழே வைக்கவே இல்லை. அப்படி ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள். சிறுவயதில் ஒரு பாயில் படுத்தவர்கள், இப்போது ஒரு கொட்டகையில் பாட்டில் கழுவினார்கள். தெருவே பெரியவருக்கு 'ஐஸ்' என்றும் சின்னவருக்கு 'அடுப்பு' என்றும் பெயர் வைத்திருந்தது.

சோடாக் கொட்டகை தெருக்கோடியில், மரக்கடைக்கும் டயர்க் கடைக்கும் நடுவில் இருந்தது. முன்பக்கம் வேலை, பின்பக்கம் வீடு. சோடா போடுவது பார்க்கத்தான் பெரிய வித்தை. மூடிய உருளையில் தண்ணீரை நிரப்ப வேண்டும். சிலிண்டரைத் திறந்து கேஸை உள்ளே விட்டு, கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற வேண்டும். சுற்றச் சுற்ற கேஸ் தண்ணீருக்குள் இறங்கும். அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து மூடியை அழுத்தினால் சோடா. பாட்டிலின் அடியில் முதலில் கொஞ்சம் பாகும் சாயமும் ஊற்றிவிட்டு, அதன்மேல் பிடித்தால் கலர். தெருவில் சோடா குடிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். கொட்டகை பிழைத்துக் கிடந்ததே தியேட்டருக்குப் போகும் கலரால்தான்.

அந்தக் கலரில்தான் வினை வந்தது.

வெயில் மண்டையைப் பிளக்கிற நாட்கள். குழாயைத் திறந்தால் வெந்நீராக வந்தது. தியேட்டரில் புதுப்படம், பாட்டில் கேட்டு ஆள்மேல் ஆள். சின்னவர் அவசரத்தில் அடுப்பிலிருந்து இறக்கிய பாகை ஆறவிடாமல் பாட்டில்களில் ஊற்றிவிட்டார். இடைவேளையில் மூடியைத் திறந்த ஒவ்வொரு பாட்டிலும் சீறிக்கொண்டு பாதி சட்டைமேல் கொட்டியது. மீதிப் பாதியைக் குடித்தவர்கள் கேன்டீன் அம்மாவிடம் வந்து, "அம்மா, இது கலரா, சாயம் போட்ட குளத்துத் தண்ணியா?" என்று கேட்டார்கள்.

கேன்டீன் அம்மா கொட்டகைக்கு வந்து நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போனதும் அண்ணன் தம்பி இருவரும் ஆரம்பித்தார்கள்.

"தண்ணின்னா சில்லுன்னு இருக்கணும்டா. எதைப் போட்டாலும் அப்பதான் உள்ள தங்கும். இத்தனை வருஷம் கேஸ் இறக்கறேன், எனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியாதா? தண்ணின்னா கொதிக்கணும். எதைப் போட்டாலும் அப்பதான் கரையும். அன்னிக்கு என் பாகைத் தூக்கி உன் ஐஸ் தொட்டியில வச்சே, சர்க்கரை பூரா கல்லு கல்லா அடியில இறங்கிடுச்சே, அதுக்கு என்ன சொல்ற?"

"உன் மூளை அடுப்புல வெந்து போச்சு."

"உன் மூளை உறைஞ்சு போச்சு. தட்டிப் பாரு, டொக்குடொக்குன்னு சத்தம் வரும்."

சாயங்காலத்துக்குள் கொட்டகையின் நடுவே தகரத் தடுப்பு நின்றுவிட்டது. மெஷினும் ஐஸ் தொட்டியும் அண்ணன் பக்கம். அடுப்பும் அண்டாவும் தம்பி பக்கம். மூடிப் போன வேறொரு கம்பெனியிலிருந்து சின்னவர் பழைய மெஷின் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். பெரியவர், அடுப்பே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இருவரும் பேசி ஒத்துக்கொண்ட விஷயம் ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை கேன்டீன் அம்மா வருவாள். ஆளுக்கொரு கலர் போட்டுக் கொடுப்பது. அவள் யாருடையதை எடுக்கிறாளோ அவருக்குக் கொட்டகை, மற்றவர் வெளியே. இரண்டையும் வேண்டாம் என்றால் டயர்க் கடைக்காரருக்கு விற்றுவிட்டு, பெரியவர் எங்கோ தூரத்து ஊரில் ஐஸ் ஃபேக்டரிக்கும், சின்னவர் அதற்கு நேர் எதிர்த் திசையில் மிட்டாய்க் கம்பெனிக்கும் போய்விடுவது.

மூத்தவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. கொட்டகை போனால் வேறு கொட்டகை பார்க்கலாம். தங்கை போனால்? எப்படிப் பார்த்தாலும் அவர்களில் ஒருத்தி மூட்டை கட்ட வேண்டும். இரண்டும் தோற்றால் இரண்டு பேரும்.

டயர்க் கடைக்காரர் மறுநாளே அளவு நாடாவோடு வந்தார். பெரியவர் பக்கம் அளந்துவிட்டு ஒரு சோடா குடித்தார். தகரத்தைச் சுற்றிப் போய்ச் சின்னவர் பக்கம் அளந்துவிட்டு அங்கே ஒன்று குடித்தார்.

"நான் அவசரப்படலைம்மா," என்றார் மூத்தவளிடம், ஏப்பத்தை அடக்கிக்கொண்டு. "சும்மா அளந்து வைக்கறேன். நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க."

"உங்க வயித்தையும் ஒரு தடவை அளந்துக்குங்க," என்றாள் அவள். "விக்கும்போது சோடாவுக்குச் சேர்த்துப் போட்டுக்கறோம்."

பெரியவர் பச்சைத் தண்ணீரில், அதுவும் ஐஸ் போட்ட தண்ணீரில், பாகு காய்ச்ச ஆரம்பித்தார். காய்ச்ச என்று சொல்வதே தப்பு. பெரிய பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர், அதில் சர்க்கரை, கையில் துடுப்பு. பாகு கெட்டியாக இருந்தால்தான் பாட்டிலுக்குக் கொஞ்சம் ஊற்றினால் போதும். ஆகையால் சர்க்கரையை மேலே மேலே கொட்டினார். முதலில் கொட்டியது எப்படியோ கரைந்தது. அப்புறம் கொட்டியது அடியில் போய் உட்கார்ந்தது. துடுப்புப் போட்டால் சுழன்று எழுந்தது. நிறுத்தினால் மறுபடி உட்கார்ந்தது.

"கரையும்," என்றார் பெரியவர், நெற்றி வேர்வையைத் துடைத்தபடி. "பொறுமை வேணும்."

"ஏங்க, காலையில இருந்து கலக்கறீங்க. கை கழண்டு உள்ள விழுந்துடப் போகுது."

"விழுந்தா அதுவும் கரையும். போ."

அந்தப் பாகை ஊற்றிப் போட்ட கலரை அவளே குடித்துப் பார்த்தாள். மேலாக மொண்டு ஊற்றிய பாட்டில்களில் இனிப்பு எங்கோ தொலைவில் இருந்தது. அடியிலிருந்து வழித்து ஊற்றியவற்றில் பல்லில் நறநறவென்று கடிபட்டது. ஆனால் கேஸ் மட்டும் மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வரவழைத்தது. அதைப் பார்த்த பெரியவர், "கண்ணு கலங்குது பார்த்தியா, அவ்வளவு நல்லா இருக்கு" என்று சந்தோஷப்பட்டார்.

தகரத்துக்கு அந்தப் பக்கம் கதை வேறு. சின்னவர் அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவிட்டுச் சர்க்கரையைக் கொட்டினார். விழுங்கியது. இன்னும் கொட்டினார். அதையும் விழுங்கியது. "பாரு, பாரு, இதுக்குப் பசி அடங்கவே இல்ல!" என்று குதித்துக்கொண்டு மூட்டையையே கவிழ்த்துவிட்டார். எல்லாம் கரைந்து கண்ணாடி போல நின்றது. கரண்டியை உள்ளேயே விட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். காலையில் எழுந்து கரண்டியைத் தூக்கினால் அண்டாவும் சேர்ந்து வந்தது. ராத்திரி ஆற ஆற, கரைந்திருந்த சர்க்கரை தண்ணீரை விட்டு வெளியே வந்து, ஒன்றோடொன்று பிடித்து, பாறையாகிக் கரண்டியைக் கவ்விக்கொண்டது.

"என்னங்க, பாகு காய்ச்சச் சொன்னா தூண் நட்டு வச்சிருக்கீங்க?" என்றாள் இளையவள்.

"சூடு பண்ணா சரியாப் போயிடும்." அதுவே அவருக்கு எல்லாவற்றுக்கும் மருந்து. மெஷின் உருளையிலும் வெந்நீரையே விட்டார். சிலிண்டரைத் திறந்து, சுற்றோ சுற்றென்று சுற்றி, பாட்டிலில் பிடித்து, மூடியைத் திறந்தார். கலர் பீச்சிக்கொண்டு கூரையைத் தொட்டது. ஓட்டிலிருந்து சிவப்புச் சொட்டு சொட்டாக அவர் வழுக்கையில் விழுந்தது.

"பார்த்தியாடி எவ்வளவு வேகம்! கூரைக்கே போயிடுச்சு!"

"கூரைதான் காசு குடுத்து வாங்கப் போகுதா? பாட்டில்ல என்ன மிச்சம்னு பாருங்க."

பாட்டிலில் மிச்சமிருந்தது, மூச்சு நின்றுபோன சர்க்கரைத் தண்ணீர்.

தகரத்தின் அடியில், பாட்டில் கழுவிய தண்ணீர் ஓடுவதற்காக வெட்டிய வாய்க்கால் போகும் இடத்தில், ஒரு முழத்துக்கு இடைவெளி இருந்தது. அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்து பாட்டில் கழுவினால், ஒருத்தி கால் இன்னொருத்திக்குத் தெரியும். காலைப் பார்த்தே பேசிக்கொண்டார்கள்.

புதன்கிழமை மூத்தவள் பாட்டில் கழுவ வீட்டு அடுப்பில் தண்ணீர் சுடவைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். வேறு வேலை இருந்தது. ஆனாலும் கவலையில் இருப்பவர்களுக்குப் பாத்திரத்தை வெறிப்பது சுகம். தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை. விரல் விட்டுப் பார்த்தால் பொறுக்கக்கூடிய சூடுதான். அதற்குள் பாத்திரத்தின் உள்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாகக் குமிழிகள் முளைத்து ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்று பெருத்து, பிடி விட்டு, மேலே ஓடி, காற்றில் கலந்தது. அப்புறம் இன்னொன்று.

தினமும் பார்த்த காட்சிதான். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. கொதிக்கவே ஆரம்பிக்காத தண்ணீரில் குமிழி எங்கிருந்து வருகிறது? வெளியிலிருந்து யாரும் ஊதவில்லை. அப்படியென்றால் உள்ளேயே இருந்திருக்கிறது. பச்சைத் தண்ணீராக இருந்தவரைக்கும் சத்தம் போடாமல் உள்ளே குடியிருந்த காற்று, சூடு ஏற ஏறச் சாமானைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறது. அவள் கைப்பிடிச் சர்க்கரையை அதிலேயே போட்டாள். ஒரு சுற்றுச் சுற்றினாள். காணவில்லை, கரைந்துவிட்டது.

அவளுக்குக் கை பரபரத்தது. இரண்டு சோடா பாட்டிலை எடுத்தாள். ஒன்றை ஐஸ் தொட்டியில் முக்கினாள், ஒன்றை முற்றத்து வெயிலில் நிறுத்தினாள். அது நன்றாகச் சூடேறிய பிறகு இரண்டையும் திறந்தாள். வெயிலில் நின்றது புஸ்ஸென்று பொங்கி அவள் முந்தானையை நனைத்துவிட்டு அடங்கிப்போனது. தொட்டியில் இருந்தது உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டதோடு சரி. டம்ளரில் ஊற்றியும் நெடுநேரம் நிதானமாகக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

ஓடிப்போய் முக்காலியில் உட்கார்ந்து, வாய்க்கால் பக்கம் குனிந்தாள்.

"ஏய், இருக்கியா?"

"என் காலு தெரியலையா? சொல்லுக்கா."

"தண்ணி ஒண்ணுதாண்டி. ஆனா சூடாச்சுன்னா சர்க்கரையை உள்ள வான்னு கூப்பிடுது, காத்தை வெளிய போன்னு விரட்டுது. சில்லுன்னு ஆச்சுன்னா காத்தைப் பிடிச்சு உக்கார வைக்குது, சர்க்கரையை வேண்டாம்னு கீழ தள்ளுது."

அந்தப் பக்கக் கால் இன்னும் கிட்டே நகர்ந்தது. "அப்ப மாமா சொல்றதும் சரி, இவர் சொல்றதும் சரியா?"

"பாதிப் பாதி சரி."

"பாதி சரியான ஆளைக் கட்டிக்கிட்டு முழுசா மாரடிக்கறோமே, அக்கா."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தகரம் அதிர்ந்தது. "அங்க என்ன சத்தம்?" என்று இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் அதட்டல் வந்தது. "எலி!" என்றார்கள் இவர்களும் ஒரே நேரத்தில்.

"யோசிச்சுப் பாரு," என்றாள் மூத்தவள், குரலைத் தாழ்த்தி. "உன் வீட்டுக்காரர் சர்க்கரை. அடியில உக்காந்தா உக்காந்ததுதான். கீழ நெருப்பு வச்சாத்தான் எழுந்து வருவார்."

"அப்ப மாமா?"

"அவர் கேஸ். கொஞ்சம் சூடா ஒரு வார்த்தை சொல்லிப் பாரு, வீட்டுலயே தங்கமாட்டார். செருப்பைத் தேடிக்கிட்டுத் தெருவுக்குப் போயிடுவார். குளிரப் பேசினா கிடப்பார்."

"இது தெரிஞ்சிருந்தா கல்யாணத்தன்னிக்கே நமக்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக் குடுத்திருப்பாங்க."

அன்றே திட்டம் போட்டார்கள். இளையவள் அவள் பக்கத்து அடுப்பில் பாகு காய்ச்ச வேண்டும். ஆனால் மூட்டையைக் கவிழ்க்கக் கூடாது. சுடும்போது தண்ணீர் கொடுத்ததையெல்லாம் விழுங்கும். ஆறும்போது தாங்க முடியாததைக் கக்கிவிடும். ஆறின பிறகும் தாங்கக்கூடிய அளவுதான் போட வேண்டும். அது எவ்வளவு? அண்டாவில் பாறையின் மேலே மிஞ்சி நின்ற பாகு இருக்கிறதே, அதைவிடக் கொஞ்சம் இளக்கமாக இருந்தால் போதும். கண்ணெதிரே இருந்த தப்பே அளவாக உதவியது.

வியாழக்கிழமை பெரியவர் ஐஸ் வாங்கப் போனார். சின்னவர் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டார். காய்ச்சிய பாகு தூக்குவாளி தூக்குவாளியாக வாய்க்கால் வழியே இந்தப் பக்கம் வந்தது. மூத்தவள் அதை ஐஸ் தொட்டியில் இறக்கி ஆறவைத்தாள். பெரியவரின் நறநறப் பாகை வாய்க்காலில் கவிழ்த்துவிட்டு, பாத்திரத்தில் நல்ல பாகை ஊற்றி, மீதியைத் தங்கைக்குத் திருப்பி அனுப்பினாள். கூடவே சாக்குச் சுற்றிய ஐஸ் கட்டி ஒன்று வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சின்னவரின் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் இறங்கியது.

பெரியவர் திரும்பி வந்து பாத்திரத்தைப் பார்த்தார். ஒரு பொடி சர்க்கரைகூட அடியில் இல்லை. "என்ன சொன்னேன்? பொறுமை!" என்றார்.

சின்னவர் எழுந்து வந்து பீப்பாயிலிருந்து உருளைக்குத் தண்ணீரை விட்டார். உருளையைத் தொட்டவர் கையை இழுத்துக்கொண்டார். "ஏண்டி, வெந்நீர் ஊத்தித்தானே வச்சேன்? சில்லுன்னு இருக்கே?"

"உங்க கை சூடுங்க," என்றாள் இளையவள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "கைராசி."

கைராசி என்றதும் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை கேன்டீன் அம்மா வந்தாள். கனத்த உடம்பு, இடுப்பில் சாவிக்கொத்து, கையில் விசிறி. கவிழ்த்த பாட்டில் பெட்டிமேல் தெருவாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டயர்க் கடைக்காரர் நாடாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். பெரியவர் ஒரு பாட்டில் நீட்டினார். சின்னவர் சுற்றிக்கொண்டு வந்து ஒரு பாட்டில் நீட்டினார். அவள் கண்ணை மூடி இதைக் குடித்தாள், அதைக் குடித்தாள். மறுபடி இதை. மறுபடி அதை.

"ரெண்டும் ஒண்ணுதானேய்யா? ஒரே கலரை எதுக்கு ரெண்டு பேரு நீட்டறீங்க?"

"அது எப்படிம்மா ஒண்ணாகும்?" என்றார் பெரியவர். "என்னுது சுத்தப் பச்சைத் தண்ணி. அடுப்பு வாசனையே படாது."

"என்னுது முழுக்க முழுக்க வெந்நீர். ஐஸ் நிழல்கூடப் படாது," என்றார் சின்னவர்.

அக்காவும் தங்கையும் தரையைப் பார்த்துக்கொண்டார்கள்.

"எதுவா இருந்தா எனக்கென்ன? நல்லா இருக்கு," என்றாள் கேன்டீன் அம்மா. மூத்தவளுக்கு மூச்சு வந்தது. அதற்குள் அவள் விசிறியை நிறுத்தினாள். "ஆனா எனக்கு ஒரு ஆளுதான் வேணும். ரெண்டு பேரு கூட மல்லுக்கட்ட எனக்கு நேரமில்ல. போன தடவையும் இங்க குடிக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு. தியேட்டர்லதான் பொங்கிச்சு. அதனால இப்ப என் கண்ணு முன்னாடி ஆளுக்கு ஒரு பெட்டி போடுங்க. யாரு நல்லாப் போடறீங்களோ, அவருக்குத்தான்."

"பேஷா போடலாம்!" என்று இரண்டு சகோதரர்களும் ஒரே குரலில் சொன்னார்கள். 'எலி'யை அதட்டியதற்குப் பிறகு அவர்கள் ஒரே குரலில் பேசியது அப்போதுதான்.

பெரியவர் ஐஸ் தண்ணீரில் சர்க்கரையைக் கொட்டித் துடுப்பைப் போட்டார். அந்தப் பக்கம் அடுப்பு குப்பென்று பற்றியது. சின்னவர் புது மூட்டையைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. டயர்க் கடைக்காரர் மெதுவாக நாடாவை வெளியே எடுத்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் இங்கே நறநறவென்று ஒன்று, அங்கே கூரைக்குப் பாய்வதாக ஒன்று. அத்தோடு கொட்டகை டயர்க் கிடங்கு. தகரத்தின் அடியில் தங்கையின் கால் கட்டைவிரல் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் அப்பா அடிக்கக் கூப்பிடும்போது சுரண்டுகிற அதே சுரண்டல்.

மூத்தவள் சொல்லித்தான் ஆக வேண்டும். எப்படிச் சொல்வது? சூடாகச் சொன்னால் இவர் தெருவுக்குப் போய்விடுவார். குளிரச் சொன்னால் அவர் அசையமாட்டார். முதல் காரியமாகப் போய்ப் பெரியவர் தகரத்தோரம் கழற்றி வைத்திருந்த செருப்பின்மேல் ஏறி நின்றுகொண்டாள்.

"ஏங்க," என்றாள், குரலில் ஐஸ் வைத்து. "கேஸ் இறக்கறதுல உங்களை அடிச்சுக்க இந்த வட்டாரத்துல ஆள் இல்ல. அப்பேர்ப்பட்ட ஆளு எதுக்குங்க சர்க்கரையோட மல்லுக்கு நிக்கணும்?"

பெரியவரின் துடுப்பு நின்றது. அவள் உடனே தகரத்தின் பக்கம் திரும்பி, ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"தம்பி! எழுந்திருங்க! அடுப்பை அணைச்சுட்டு இங்க வாங்க! வாங்கன்னா வரணும்! கல்லுப் பிள்ளையார் மாதிரி அங்கேயே உக்காந்திருந்தா கொட்டகை போயிடும்!"

சின்னவர் அலறியடித்துக்கொண்டு சுற்றி வந்தார். "என்ன அண்ணி, என்ன ஆச்சு?"

"நேத்துப் போட்ட கலரு உங்க ரெண்டு பேருதும் இல்ல. நாங்க போட்டது."

பெரியவர், "சும்மா சொல்லாதே. என் பாகு கரைஞ்சதை நானே பார்த்தேன்" என்றார்.

"வாய்க்காலைப் பாருங்க."

பார்த்தார்கள். வாய்க்கால் ஓரமாக, தெருவிலிருந்து தொடங்கி, பெரியவர் பக்கம் வரைக்கும் எறும்புகள் கல்யாண ஊர்வலம் மாதிரிப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் பெரியவர் கரைக்க நினைத்த சர்க்கரையில் ஒரு பொடி.

"உங்க பாகு அங்க போகுது. அவங்க பக்கத்துப் பாகு இங்க வந்துச்சு. உங்க ஐஸ் அங்க போச்சு."

"அதான் உருளை சில்லுன்னு இருந்துச்சா!" சின்னவர் பெண்டாட்டியைத் தேடித் தகரத்தைப் பார்த்துக் கத்தினார். "கைராசின்னு சொன்னியேடி!"

"ராசி உங்களுது. கை எங்களுது," என்று அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

பெரியவர் முகம் சிவந்தது. காலால் செருப்பைத் துழாவினார். செருப்பு கிடைக்கவில்லை. "நகரு," என்றார். "நகரமாட்டேன்," என்றாள் அவள், சிரித்த முகமாக. வெறுங்காலோடு வாசலைப் பார்த்தார். வாசலில் கேன்டீன் அம்மா வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டிப் போவதற்குச் சுவரைத்தான் இடிக்க வேண்டும். போகவழியில்லாத கேஸ் போல அவர் அங்கேயே அடங்கி நின்றார்.

"அப்ப அந்த ரெண்டு பொம்பளைங்களும் என் கண்ணு முன்னாடி போடட்டும்," என்றாள் கேன்டீன் அம்மா.

"போடறோம்," என்றாள் மூத்தவள். "ஆனா நேத்து மாதிரி தூக்குவாளியில கடத்தினா பெட்டிக்குக் காணாது. அண்டாவே அடுப்புலேர்ந்து ஐஸ் தொட்டிக்கு வரணும். வாய்க்கால்ல நுழையாது. தெருவைச் சுத்திக் கொண்டுவந்தா பாதி மண்ணுக்குப் போயிடும்." தகரத்தைப் பார்த்தாள்.

அண்ணனும் தம்பியும் தகரத்தைப் பார்த்தார்கள்.

"நீ அந்த முனையைப் பிடி," என்றார் பெரியவர் கடைசியில், யாரையும் பார்க்காமல்.

"கையைக் கிழிச்சுக்காதே," என்றார் சின்னவர், கூரையைப் பார்த்துக்கொண்டு.

தகரம் நடுவில் வளைந்தது. "சும்மாதானே நிக்கறீங்க, நாடாவை வச்சுட்டுப் பிடிங்க" என்று கேன்டீன் அம்மா அதட்ட, டயர்க் கடைக்காரர் வந்து நடுவில் முட்டுக்கொடுத்தார். தகரம் சுவரோரம் போனது. அந்தப் பக்கம் இளையவள், கையில் கரண்டியோடு, பல நாள் கழித்து முழு ஆளாகத் தெரிந்தாள்.

தண்ணீர் கொதித்து, அளவாகச் சர்க்கரை கரைந்து, அண்டா தொட்டிக்கு வந்தது. இனி ஆற வேண்டும். ஆறாவிட்டால் கேஸ் தங்காது. ஒரேயடியாகச் சில்லிட்டுப்போனால் பாகு இறுகிப்போய்ப் பாட்டில் கழுத்தில் இறங்காது. எந்த நேரம் வெளியே எடுப்பது என்றுதான் மூத்தவளுக்குப் பிடிபடவில்லை. நேற்றுக் குத்துமதிப்பாக எடுத்தது. இன்றைக்குத் தப்பினால் போச்சு.

பெரியவர் ஐஸை உடைத்துத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தவர், ஈரக்கையால் அண்டாவைத் தொட்டார். "சுடுது." வெந்நீரில் பாட்டில் அலசிக்கொண்டிருந்த சின்னவரும் வந்து தொட்டார். "ஆமா, சுடுது." இருவரும் தத்தம் வேலைக்குப் போனார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தார்கள். பெரியவர் தொட்டார். "இன்னும் சுடுதே."

சின்னவர் தொட்டார். "எங்க சுடுது? சில்லுன்னு ஆயிடுச்சு."

"உன் கை அடுப்புல வெந்த கை. அதுக்கு என்ன தெரியும்?"

"உன்னுது மட்டும் என்ன? ஐஸ்ல விறைச்ச கை!"

மூத்தவள் நிமிர்ந்தாள். இவர் கை குளிரிலிருந்து வருகிறது, அவர் கை சூட்டிலிருந்து வருகிறது. ரொம்பச் சூடாக இருந்தால் இரண்டு கையும் சூடு என்றுதான் சொல்லும். ரொம்பச் சில்லிட்டால் இரண்டும் சில் என்றுதான் சொல்லும். இரண்டும் அடித்துக்கொள்வது நடுவில் ஒரே ஒரு இடத்தில்தான்.

"ஏய்," என்றாள் தங்கையிடம். "சண்டை வந்துடுச்சு. அண்டாவைத் தூக்கு!"

கேன்டீன் அம்மா குடித்தாள். ஒரு பாட்டிலை வேண்டுமென்றே குலுக்கித் திறந்து பார்த்தாள். பாதிக்குமேல் பாட்டிலிலேயே நின்றது. "நாளையிலேர்ந்து அனுப்புங்க," என்று எழுந்து, வாசலில் மறுபடி வெளிச்சம் வர வழிவிட்டாள். டயர்க் கடைக்காரர் நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "அப்ப நான் இனிமே சோடாவுக்குக் காசு குடுக்கணுமா?" என்று வருத்தத்தோடு கேட்டார்.

தகரத்தைக் காலிப் பெட்டிகளுக்கு மேலே வெயில் படாமல் சாத்திவைத்தார்கள். அண்ணன் தம்பி இருவரும் ஐஸ் பெரிதா அடுப்பு பெரிதா என்பதை இன்றுவரை விட்டபாடில்லை. யாரும் விடச் சொல்வதும் இல்லை. சாயங்காலமானால் தியேட்டர் வண்டிக்காரர் வந்து வாசலில் மணியடித்து, "என்னக்கா, இன்னும் ஆகலையா? படம் போட்டுடுவாங்க!" என்று அவசரப்படுத்துவார்.

மூத்தவள் அண்டாப் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்பாள்.

"கொஞ்சம் பொறுங்க," என்பாள். "ரெண்டு பேரும் இன்னும் ஒத்துமையாத்தான் இருக்காங்க."